இல்லங்களில் வளர்ந்தோரும் அவர்களது கோப்பும்: குழந்தைப்பருவப் பதிவுகளைச் சட்டப்படி கோருவது எப்படி?

நான்கு வயதில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டு, பதினெட்டு வயதில் ஒரு பெட்டியுடன் வெளியே அனுப்பப்பட்ட பெண் ஒருவர் தமது இருபத்தேழாவது வயதில் எங்களிடம் வந்தார். அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க அவருக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தில் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: "அப்பாவின் சான்றிதழ் எங்கே?" அப்பாவின் பெயரே அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய இடம் அவர் வளர்ந்த இல்லம் மட்டுமே. அங்கே சென்று கேட்டபோது, "கோப்பு இரகசியமானது; வெளியாட்களுக்குக் காட்ட இயலாது" என்றனர். பதினான்கு ஆண்டுகள் அவ்வில்லத்தின் கூரையின்கீழ் வாழ்ந்தவர், தமது வாழ்க்கையைப் பற்றிய தாள்களுக்கே வெளியாளாகிப் போனார்.

இது ஒருவரின் துயரம் அன்று. நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நாடெங்கும் 9,589 குழந்தைகள் பராமரிப்பு நிறுவனங்களைக் கணக்கெடுத்தது. அவற்றில் வாழ்ந்த குழந்தைகள் மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். ஒவ்வோர் ஆண்டும் இவர்களுள் ஒரு பகுதியினர் பதினெட்டு வயதை எட்டி வெளியேறுகின்றனர். அவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணைநிற்கும் தோழர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கோப்பில் என்ன இருக்கும்?

ஒரு குழந்தை இல்லத்தில் சேர்க்கப்படும்போது அதன் பெயரில் ஒரு தனிக்கோப்பு திறக்கப்பட வேண்டும். குழந்தையை யார், எங்கே, எந்நிலையில் கண்டெடுத்தார் அல்லது ஒப்படைத்தார் என்ற குறிப்பு, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, குடும்பச் சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கை, தனிநபர் பராமரிப்புத் திட்டம், மருத்துவப் பதிவுகள், பள்ளிச் சான்றுகள், உறவினர் வந்து பார்த்த நாள்கள், கடிதங்கள், புகைப்படங்கள், இடமாற்ற ஆணைகள், விடுவிப்பு ஆணை ஆகியவை அதில் இருக்கக்கூடும். மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் நடந்த பாலியல் சுரண்டல் குறித்த செய்தியிலிருந்து 2007இல் தொடங்கிய பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதுடன், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. ஆகவே, "அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை" என்ற பதில், குறிப்பாக அண்மை ஆண்டுகளில் வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை, ஒரு சட்டமீறலின் ஒப்புதல் வாக்குமூலமே ஆகும்.

தலித்துகளுக்கு இது ஏன் வாழ்வுரிமைச் சிக்கல்?

இல்லத்தில் வளர்ந்த எவருக்கும் தாம் யார் என்று அறியும் உரிமை உண்டு. பட்டியல் சாதியில் பிறந்து இல்லத்தில் வளர்ந்தவருக்கோ அந்த அறிதலுடன் கல்வி, வேலைவாய்ப்பு, உதவித்தொகை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் பிணைந்துள்ளன. பதிவேட்டின் ஒரே ஒரு பத்தி மூன்று வழிகளில் அவரது உரிமையைப் பறித்துவிடக்கூடும்.

முதலாவது, 'அநாதை' என்ற சொல். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க எவருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளிகளிலும் இல்லங்களிலும் சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். எவ்வேரும் அறியப்படாத குழந்தைக்கு இது ஒரு பாதுகாப்பு. ஆனால், தாயோ தந்தையோ உயிருடன் இருந்தும், சாதி விசாரணையில் பதிவாகியிருந்தும், வேலை எளிதாக முடியும் என்பதற்காக ஒரு தலித் குழந்தையை இவ்வகைக்குள் தள்ளுவது அதன் பட்டியல் சாதி உரிமையை அழிப்பதாகும்.

இரண்டாவது, மதம் குறித்த பதிவு. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவம் தழுவியோர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகவே வகைப்படுத்தப்படுகின்றனர். இவ்வேறுபாடே அநீதி என்பது எங்கள் நிலைப்பாடு. அது நீடிக்கும் வரை, நான்கு வயதுக் குழந்தையின் பெயருக்கு எதிரே இல்ல நிர்வாகி எழுதிய ஒரு சொல், அக்குழந்தை ஒருபோதும் தெரிவு செய்யாத ஒன்று, அதன் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கிறது. சேர்க்கையின்போது பெற்றோரின் சமயம் எதுவாகப் பதிவானது என்பதை மூலக் கோப்பு மட்டுமே காட்டும்.

மூன்றாவது, உட்பிரிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இத்தகைய உட்பிரிவை ஏற்றது. எனவே 'எஸ்.சி.' என்ற பொதுக்குறிப்பு மட்டும் போதாது. எந்தச் சாதி என்பதும் தேவை.

சட்டம் எங்கள் பக்கம் நிற்கும் இடங்கள்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 நமது முதல் ஆயுதம். அதன் 99(1) பிரிவு, குழந்தை தொடர்பான அறிக்கைகள் இரகசியமாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. மறுப்போர் இவ்வரியுடன் நிறுத்திக்கொள்வர். அதே பிரிவின் காப்புரை, அறிக்கையின் சாரத்தைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் தெரிவிக்கக் குழுவுக்கு அதிகாரம் அளிக்கிறது. 99(2) அதைவிடத் தெளிவானது: இச்சட்டத்தில் வேறெது கூறப்பட்டிருப்பினும், பாதிக்கப்பட்டவருக்கு அவரது வழக்குப் பதிவுகளும் ஆணைகளும் தொடர்புடைய தாள்களும் மறுக்கப்படலாகாது. கைவிடப்பட்டோ, துன்புறுத்தப்பட்டோ, கொத்தடிமை உழைப்பிலிருந்து மீட்கப்பட்டோ இல்லத்திற்கு வந்தவர் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்குள் அடங்குவார் என்றே மனுவில் வாதிட வேண்டும்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இரண்டாவது. அரசு இல்லங்கள், குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவை பொது அதிகார அமைப்புகளே. தனியார் தொண்டு நிறுவன இல்லமாயின் இரு வழிகள் உள்ளன. அரசு நிதியால் கணிசமாக நடத்தப்படும் அரசுசாரா அமைப்புகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை என்பதை டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அரசு நிதி பெறாத இல்லமாயினும், வேறொரு சட்டத்தின்கீழ் அரசு அமைப்பு கேட்டுப் பெறக்கூடிய தகவலும் 2(எஃப்) பிரிவின்படி 'தகவல்' ஆகும். இல்லங்களைப் பதிவு செய்து ஆய்வு செய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு. ஆகவே அவற்றின் பதிவேட்டைக் கேட்டுப் பெறும் அதிகாரமும் உண்டு.

மூன்றாவது, அரசியலமைப்பு. 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு தனியுரிமையை 21ஆம் உறுப்பின் பகுதியாக ஏற்றது. தன்னைப் பற்றிய தகவல்மீது ஒருவருக்குள்ள கட்டுப்பாடு அதன் உள்ளடக்கம். தேர்வர் தமது விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை 2011இல் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மூன்று மணி நேரம் எழுதிய விடைத்தாளுக்கே அவ்வுரிமை உண்டெனில், பதினான்கு ஆண்டு வாழ்க்கைக்கு இல்லை என்று எவரும் கூற இயலாது.

உலக அளவில் இவ்வுரிமைக்கு வழிதிறந்தது காஸ்கின் வழக்கு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மன்றப் பராமரிப்பில் வளர்ந்த கிரகாம் காஸ்கின் தமது கோப்பைக் கேட்டார். அதில் 46 பேர் அளித்த 352 ஆவணங்கள் இருந்தன. ஒப்புதல் தந்த 19 பேரின் 65 ஆவணங்கள் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. குழந்தைப்பருவத்தை அறிந்துகொள்வது ஒருவரின் இன்றியமையாத நலன் என்றும், ஒப்புதல் கிடைக்காதபோது முடிவு செய்யச் சுதந்திரமான அமைப்பு ஒன்று வேண்டும் என்றும் 1989 ஜூலை 7 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் மேற்கோளாகப் பயன்படும். இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7, 8ஆம் உறுப்புகளும், 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் இதே திசையில் நிற்கின்றன.

எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

ஒரே நேரத்தில் மூன்று மனுக்களை அனுப்புமாறு நாங்கள் அறிவுறுத்துகிறோம்.

1. வளர்ந்த இல்லத்தின் பொறுப்பாளருக்கு ஒரு எளிய கடிதம். பல இடங்களில் இதுவே போதுமானது.

2. அம்மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு 99ஆம் பிரிவைச் சுட்டிய மனு.

3. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் சான்று இணைத்தால் கட்டணமில்லை.

அனைத்தையும் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பி, நகலையும் இரசீதையும் பாதுகாக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்குத் தகவல் உரிமை மனுவில் பதிலளிக்கத் தேவையில்லை. 6(2) பிரிவு அதைத் தெளிவாகக் கூறுகிறது. தவறான அலுவலகத்துக்குச் சென்றாலும் அஞ்ச வேண்டாம். 6(3) பிரிவின்படி ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

அடையாளச் சான்றில் கவனம் தேவை. இல்லங்களில் பெயர் மாற்றப்படுவதும், பிறந்த தேதி மதிப்பீடாக எழுதப்படுவதும் வழக்கம். இல்லத்தில் அழைக்கப்பட்ட பெயர், இன்றைய பெயர், சேர்ந்த ஆண்டு, வெளியேறிய ஆண்டு, படித்த பள்ளி ஆகியவற்றை மனுவிலேயே குறிப்பிட்டு, இருவரும் ஒருவரே என்பதற்கு உறுதிமொழி ஆவணம் ஒன்றையும் இணைப்பது நல்லது.

மனுவில் கேட்க வேண்டியவை

பொதுவாக "என் கோப்பைத் தருக" என்று கேட்டால் பொதுவான மறுப்பே வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும்:

1. சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயர் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல்.

2. என்னை இல்லத்தில் சேர்த்த ஆணையும், பின்வந்த இடமாற்ற, விடுவிப்பு ஆணைகளும்.

3. சமூக விசாரணை அறிக்கை. அதில் பெற்றோரின் ஊர், தொழில், சாதி, சமயம் குறித்த பகுதிகள்.

4. தனிநபர் பராமரிப்புத் திட்டம், மருத்துவப் பதிவுகள், தடுப்பூசி விவரங்கள்.

5. பார்வையாளர் பதிவேட்டில் என்னைக் காண வந்தோர் பற்றிய பதிவுகள். எனக்கு வந்த, எனக்குத் தரப்படாத கடிதங்கள்.

6. என் புகைப்படங்கள்.

7. என் பெயரில் பெறப்பட்ட உதவித்தொகை, வங்கிக் கணக்கு விவரங்கள்.

8. கோப்பை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்க ஒரு நாள்.

கடைசிக் கோரிக்கையை விட்டுவிட வேண்டாம். நேரில் பார்க்கும்போதுதான் நகலில் வராத ஓரக்குறிப்புகளும், ஒட்டி மறைக்கப்பட்ட தாள்களும் கண்ணில் படும்.

வழக்கமான மறுப்புகளும் அவற்றுக்கான விடைகளும்

"குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்." 74ஆம் பிரிவு தடை செய்வது ஊடகங்களிலும் பிற தகவல்தொடர்பு வடிவங்களிலும் அடையாளத்தை வெளியிடுவதை. உரியவரிடம் அவரது தாளைக் கொடுப்பது வெளியீடு ஆகாது.

"இது தனிநபர் தகவல், 8(1)(ஜே) பிரிவின்படி விலக்கு." 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்பிரிவைத் திருத்தியது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தால் இம்மறுப்பு இனி அடிக்கடி வரும். விடைகள் மூன்று. தனியுரிமை மனுதாரருடையது, அதை அவருக்கே எதிராகத் திருப்ப இயலாது. அடுத்து, 8(3) பிரிவின்படி இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை பற்றிய தகவலுக்கு (ஏ), (சி), (ஐ) ஆகிய மூன்று விலக்குகள் மட்டுமே பொருந்தும், (ஜே) பொருந்தாது. தொடக்கத்தில் நாங்கள் குறிப்பிட்ட பெண்ணின் சேர்க்கை நடந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு இவ்வொரு வரியே கதவைத் திறந்தது. மூன்றாவது, பொதுநலன் மேலோங்கும்போது விலக்குகளை மீறித் தகவல் தர 8(2) பிரிவு இன்றும் இடமளிக்கிறது.

"பழைய பதிவுகளை அழிக்கச் சட்டமே சொல்கிறது." புதுத் தொடக்கம் என்னும் கொள்கை குழந்தையைக் களங்கத்திலிருந்து காப்பதற்கானது. சட்டத்தின் 24ஆம் பிரிவு அழிக்கச் சொல்வது சட்டத்துடன் முரண்பட்ட சிறார்மீதான தண்டனைப் பதிவுகளை. பராமரிப்புக்காக வந்த குழந்தையின் கோப்பை அழிக்க அது உரிமம் அன்று.

முப்பது நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, மறுக்கப்பட்டாலோ, அடுத்த முப்பது நாள்களுக்குள் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அங்கும் நியாயம் கிடைக்காவிடில் தொண்ணூறு நாள்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றி மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். குழந்தைகள் நலக் குழு மனுவைக் கண்டுகொள்ளாவிட்டால், 27(10) பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்றால்

எங்கள் அனுபவத்தில் மிகுதியாக வரும் பதில் இதுவே. வெள்ளம், கரையான், கட்டட மாற்றம் எனக் காரணங்கள் வரிசை கட்டும். ஒருகாலத்தில் இருந்த பதிவைக் 'காணவில்லை' என்று கூறி அலுவலகம் தப்பிக்க இயலாது. தீவிரமாகத் தேடி, தொலைந்ததற்குப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று 2013இல் விஷ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே அடுத்த மனுவில், அழிப்பு ஆணையின் நகல், அழித்த நாள், ஆணையிட்ட அலுவலரின் பதவி, தேடிய விவரம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும்.

கூடவே வேறு வாசல்களையும் தட்ட வேண்டும். முதலில் சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கியிருந்தால் அதன் பதிவேடு, குழந்தையைக் கண்டெடுத்த காவல் நிலையம் அல்லது இருப்புப்பாதைக் காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பு, பிறந்த அரசு மருத்துவமனையின் பதிவுகள், பிறப்பு இறப்புப் பதிவேடு ஆகியவை ஒரு கோப்பின் கிழிந்த துண்டுகள்.

தாயின் தனியுரிமை

ஒன்றை நேர்மையாகக் கூற வேண்டும். நமது கோப்பில் இன்னொருவரின் வாழ்க்கையும் இருக்கிறது. திருமணத்துக்கு வெளியே பெற்ற குழந்தையை ஒப்படைத்த ஒரு தாய், இன்று வேறொரு குடும்பத்தில் வாழக்கூடும். தத்துக் கொடுக்கப்பட்டோருக்கான வேர்த்தேடல் விதிகளும் பெற்ற தாயின் தனியுரிமையைக் காக்கின்றன. ஆகவே, மூன்றாம் நபர் காரணம் காட்டி முழுக் கோப்பும் மறுக்கப்பட்டால், 10ஆம் பிரிவின்படி பெயரை மட்டும் மறைத்துவிட்டு ஊர், சாதி, சூழல் ஆகியவற்றைத் தருமாறு கேட்கலாம். சாதிச் சான்றிதழ் விசாரணைக்குப் பெரும்பாலும் அவை தொடக்கமாக அமையும். தாயின் முகவரி கிடைத்தாலும் நேரே சென்று கதவைத் தட்ட வேண்டாம். நம்பகமான ஒருவர் வழியாக முதலில் விருப்பம் கேட்பதே முறை.

கோப்பைப் படிக்கும் நாள்

தனியாகப் படிக்க வேண்டாம். அத்தாள்கள் உங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. "தாய் பொறுப்பற்றவள்", "குழந்தை திருடும் இயல்புடையது" என்பன போன்ற வரிகள் சாதியப் பார்வையும் வர்க்கப் பார்வையும் கொண்ட ஓர் அலுவலரின் பேனாவிலிருந்து வந்தவையாக இருக்கலாம். வறுமையை ஒழுக்கக்கேடாக எழுதும் வழக்கம் அரசுத் தாள்களில் புதிதன்று. தவறான பதிவுக்கு எதிரே உங்கள் விளக்கத்தை எழுதி, கோப்பில் இணைக்குமாறு மனு கொடுங்கள். அடுத்து அதைப் படிப்பவர் இரு குரல்களையும் கேட்கட்டும்.

சான்றிதழை நோக்கி

இல்லக் கோப்பு தன்னளவில் சாதியை மெய்ப்பித்துவிடாது. விசாரணைக்கான முதன்மைச் சான்று அது. நகல்களை இணைத்து வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, கோப்பில் உள்ள ஊரின் கிராம நிர்வாக அலுவலர் வழியாக விசாரணை நடத்துமாறு கோர வேண்டும். மறுத்தால் காரணத்துடன் கூடிய எழுத்தாணையைக் கேட்டுப் பெற வேண்டும். வாய்மொழி மறுப்பை எங்கும் எதிர்த்து வழக்காட இயலாது. மதம் மாற்றிப் பதியப்பட்டிருந்தால், மூலச் சாதிக்கான தெளிவான சான்று, மூல மதத்துக்குத் திரும்பியமை, சமூகத்தின் ஏற்பு ஆகிய மூன்றையும் கே.பி. மனு வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் வேண்டியது. சலுகைக்காக மட்டுமே இந்து என உரிமை கோருவதை 2024இல் செல்வராணி வழக்கில் அது ஏற்கவில்லை. ஆகவே இத்தகைய வழக்குகளில் வழக்கறிஞர் துணையின்றி இறங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இலவச உதவி உண்டு.

இன்றும் இல்லங்களில் இருப்போருக்கு ஒரு சொல்: பதினெட்டு வயது நிறையும் முன்பே கோப்பின் நகலைக் கேளுங்கள். அடையாளச் சான்று பெற உதவுவது 53ஆம் பிரிவின்படி இல்லத்தின் கடமை. சாதிச் சான்றிதழும் அவ்வாறே முன்கூட்டிப் பெறப்பட வேண்டும். வெளியேறும் ஒவ்வொருவரின் கையிலும் கோப்பின் முழு நகலைத் தருவதை விதியாக்குமாறு தமிழ்நாடு அரசை நாங்கள் வலியுறுத்துகிறோம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; ஓர் அரசாணை போதும்.

நாங்கள் குறிப்பிட்ட பெண்ணுக்கு ஏழு மாதங்களுக்குப் பின் பதினொரு தாள்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், தாயின் ஊரும் சாதியும், "செங்கல் சூளையில் கூலி" என்ற குறிப்பும் இருந்தன. இன்னொன்றில், அத்தாய் முதல் இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை வந்து பார்த்துச் சென்றதாகப் பதிவாகியிருந்தது. தம்மைத் தேடி எவரும் வரவில்லை என்றே அதுவரை அவரிடம் கூறப்பட்டிருந்தது. சான்றிதழ் விசாரணை இன்னும் முடியவில்லை. தேர்வு ஒன்று கடந்துபோய்விட்டது. அடுத்த அறிவிப்புக்குள் ஆணை பெற நாங்கள் முயன்றுவருகிறோம். அந்தப் பதினொரு தாள்களின் நகல் இப்போது அவரது வீட்டில் இருக்கிறது.